புதையல் கரையில் மெட்டல் டிடெக்டருடன் தேடுவோர் இடத்தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவானாவிலிருந்து வெள்ளியும் பொன்னும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குப் புறப்பட்ட கப்பல்களில் பதினொன்று, 1715 ஜூலை இறுதியில் வீசிய புயலில் புளோரிடாவின் கிழக்குக் கரையோரம் உடைந்து மூழ்கின. புதையல் கரை எனப்படும் அப்பகுதியில், செபாஸ்டியனிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை, இன்றும் பழைய வெள்ளிக் காசுகள் கரையொதுங்குவதற்கு அந்தப் புயலே காரணம். ஆனால் டிடெக்டருடன் அங்கே செல்பவர்களில் பலர் பாட்டில் மூடிகளோடுதான் திரும்புகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் கருவியைக் குறை சொல்ல முடியாது. நின்று தேடிய இடமே தவறாக இருந்திருக்கும்.

முதல் தவறு, கரை முழுவதும் ஒரே தன்மையுடையது என்று எண்ணிக் கண்ட இடத்தில் தொடங்குவது. தங்கம் நீரைவிட 19 மடங்கு அடர்த்தியானது. ஈயம் 11 மடங்கு, வெள்ளி பத்தரை மடங்கு. மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். அலுமினியமும் ஏறத்தாழ அதே அளவுதான். முறத்தில் புடைப்பதுபோல் அலைகள் இவற்றைத் தரம் பிரித்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே குளிர்பானக் கேன்களின் அலுமினிய வளையங்களே அடுத்தடுத்துக் கிடைத்தால், கடல் அங்கே இலேசான பொருளையும் மணலையும் கொண்டுவந்து சேர்க்கிறது என்று பொருள். நேரத்தை வீணாக்காமல் நகர்ந்துவிட வேண்டும். மாறாக, தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள் இரண்டு மூன்று ஒரே இடத்தில் அகப்பட்டால், கனமான பொருள்கள் தங்கும் இடத்தை அடைந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு, அங்கே அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். ஈயக்குண்டைக் குப்பையென்று எரிச்சலோடு வீசிவிட்டு நடப்பவர், கடல் தந்த மிகத் தெளிவான குறிப்பைத் தவறவிடுகிறார் என்பேன்.

அடுத்தது, கடல் அமைதியாக இருக்கும் இனிய நாளைத் தேர்ந்தெடுப்பது. கோடையின் மென்மையான அலைகள் மணலைக் கரையேற்றுகின்றன. குளிர்காலத்தின் வடகிழக்குப் புயற்காற்று அதை அள்ளிச் செல்கிறது. ஒரு காசைச் சுமார் ஓர் அடி ஆழம்வரையே உணரக்கூடிய கருவிக்கு, மேலே ஒரு மீட்டர் மணல் சேர்ந்துவிட்டால் கீழே என்ன இருந்தாலும் எட்டாது. புயலுக்குப் பின் கரை செங்குத்தாக அறுபட்டு, அடியில் சிப்பி கலந்த கெட்டியான படுகை தெரியும் இடமே தேட வேண்டிய இடம். புதையல் தேடுபவரான கிப் வாக்னரும் கரையில் கிடைத்த வெள்ளிக் காசுகளின் தடத்தைப் பின்தொடர்ந்தே 1715ஆம் ஆண்டுக் கப்பல்களைத் தேடிப் புறப்பட்டார். கடலரிப்பைச் சரிசெய்ய அரசு புதிதாக மணல் கொட்டிய கரைகளைப் பழங்காசு தேடுபவர்கள் விட்டுவிடலாம்.

ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும், நேரத்தைப் பாராமல் செல்வதும் வீண். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் வழக்கத்தைவிட அதிகமாக உள்வாங்கும். வற்றத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, கரைக்கு இணையாக ஓடும் பள்ளங்களைத் தொடர்ந்து செல்ல வேண்டும். ஒற்றை அலைவெண் கருவிகள் உப்பு ஈரத்தில் பொய்யாக ஒலிப்பதால், அவற்றை வைத்திருப்போர் காய்ந்த மணலோடு நிற்பதே நல்லது. துண்டு விரித்துப் படுக்கும் இடங்களிலும் படிக்கட்டுகளின் அடியிலும் இக்காலத்து மோதிரங்களும் சில்லறையும் கிடைக்கும்.

சட்டம் தடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மன்னிக்க முடியாத தவறு. புளோரிடா மாநிலப் பூங்காக்களின் கடற்கரைகளில் நீர்க்கோட்டுக்கும் மணற்குன்றின் அடிவாரத்துக்கும் இடையே, பூங்கா மேலாளர் வரையறுக்கும் பகுதியில் மட்டுமே டிடெக்டருக்கு அனுமதி உண்டு. தொல்லியல் இடங்களில் அதுவும் இல்லை. கனவெரல் தேசியக் கடற்கரை கூட்டரசின் நிலம் என்பதால் அங்கே கருவியைப் பயன்படுத்தவே கூடாது. நீருக்கடியில் கிடக்கும் கப்பல் சிதைவுகளை உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தொடலாம். இக்கரையில் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை கடலாமைகள் முட்டையிடும் காலம் என்பதால், கழி நட்டுக் குறியிட்ட கூடுகளின் அருகே எந்தக் காரணத்துக்காகவும் தோண்டக் கூடாது.