ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் நடப்பது எப்படி: செயின்ட் ஆண்ட்ரூஸும் ஃபைஃப் கரைக் கிளப்புகளும்

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் 2024 கோடையில் ஒரு சுற்று ஆட 320 பவுண்டு. அதே மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காசு கொடுக்காமல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடக்கலாம். அன்று அங்கே ஆட்டம் கிடையாது. புல்லுக்கு ஓய்வு நாள், ஊராருக்கு அது பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களும் ரசிக்கக்கூடிய நடை இது. எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

அங்கே போய்ச் சேர

ஊருக்குள் ரயில் வராது. இருந்த பாதையை 1969-ல் மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே இறங்கி 99-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேருந்து நிலையம். அங்கிருந்து மைதானத்துக்கு நடை தூரம்தான். ஞாயிறன்று ரயிலும் பேருந்தும் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

போகக் கூடாத ஞாயிறுகளும் உண்டு. அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் டன்ஹில் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள் ஞாயிறன்று இதே மைதானத்தில்தான் வரும். பெரும் கோல்ஃப் போட்டியான ஓபன் சாம்பியன்ஷிப் இங்கே நடக்கும் ஆண்டில் அந்த ஜூலை வாரமும் அப்படித்தான். கோடையிலும் காற்றுத் தடுக்கும் மேலாடை வேண்டும். வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கடலிலிருந்து 'ஹார்' என்னும் மூடுபனி திடீரென்று ஏறிவரும். அது வந்துவிட்டால் நூறடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்து நடையைத் தொடங்குவது நல்லது.

கிளப்பு வேறு, மைதானம் வேறு

நடக்கத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதல் டீக்கு, அதாவது முதல் குழியை நோக்கி அடிக்கத் தொடங்கும் இடத்துக்கு, பின்னால் நிற்கும் சாம்பல் நிறக் கல் கட்டடம் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புடையது. 1854-ல் கட்டியது. மைதானமும் அவர்களுடையது என்றுதான் வருகிறவர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது தவறு. நிலம் ஊருக்குச் சொந்தம், பராமரிப்பு 1974-ல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த லிங்ஸ் டிரஸ்டின் பொறுப்பு. 1817-ல் தொடங்கிய திஸில் கிளப், 1843-ல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கிளப், 1902-ல் வந்த நியூ கோல்ஃப் கிளப் எல்லாமே சொந்த மைதானம் இல்லாத கிளப்புகள். ஊர்ப் பொது நிலத்தில்தான் எல்லோரும் ஆடுகிறார்கள். 1754-ல் 22 பேர் கூடித் தொடங்கிய சங்கம்தான் 1834-ல் நான்காம் வில்லியம் மன்னரின் ஆதரவில் 'ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்' ஆனது. அது பெண்களை உறுப்பினராகச் சேர்க்க வாக்களித்தது 2014-ல்தான்.

பொது நிலம் என்ற உரிமை சும்மா வந்ததல்ல. 1552-ல் ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன் கையெழுத்திட்ட பத்திரம் இந்த மணல்வெளியில் முயல் வளர்க்கும் உரிமையை அவருக்குக் கொடுக்கிறது. அதே பத்திரம் ஊரார் இங்கே கோல்ஃப் ஆடும் உரிமையையும் ஒப்புக்கொள்கிறது. 1797-ல் கடனில் மூழ்கிய நகர சபை நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்க்கும் வணிகர்கள் கைக்குப் போனது. முயல்கள் மைதானத்தைத் தோண்டிப் போட்டன. வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுத்தது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் வாங்கிக் கோல்ஃபுக்காகக் காப்பாற்றினார். 1894-ல் நிலம் மறுபடியும் ஊருக்கு வந்தது. ஞாயிறன்று நீங்கள் தடையில்லாமல் நடப்பது இந்தத் தகராறுகளின் பலன்தான்.

நடை

கிளப் கட்டடத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் ஒரே பெரிய புல்வெளி தெரியும். வலப்பாதி 1-ஆம் ஃபேர்வே (டீயிலிருந்து குழியை நோக்கிப் போகும் குட்டைப் புல்பாதை), இடப்பாதி 18-ஆம் ஃபேர்வே, நடுவே வேலியோ வரப்போ கிடையாது. இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்ற பொதுச் சாலை கடற்கரைக்குப் போகிறது. ஆட்டம் நடக்கும் நாளிலும் அதில் வண்டிகள் ஓடும். வாரநாளில் வந்தீர்களானால் யாரும் அடிக்கத் தயாராக நிற்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அதைக் கடக்க வேண்டும்.

அதைத் தாண்டினால் ஸ்வில்கன் ஓடை. 18-ஆம் ஃபேர்வே பக்கம் கல்லால் ஆன சிறு வளைவுப் பாலம். நீளம் ஏறக்குறைய 9 மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர்கூட இருக்காது, கைப்பிடிச் சுவர் முழங்காலுக்கும் கீழே. 700 ஆண்டுக்கு மேல் பழையது என்கிறார்கள். மேய்ப்பர்கள் ஆடுகளை ஓட்டிப் போகக் கட்டியது. 2023 பிப்ரவரியில் பாலத்தின் ஒரு முனையில், மிதிபட்டுத் தேய்ந்த புல்லுக்குப் பதிலாகக் கற்களைப் பாவினார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது, சில நாளிலேயே கற்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். படம் எடுக்க வரிசை நிற்கும், காலை 9 மணிக்கு முன் போனால் கூட்டம் இருக்காது. மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், ரப்பர் அடி கொண்ட காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வலப்பக்கமாகவே வெளியே நடங்கள். ஆட்டக்காரர்கள் போகிற திசையும் அதுதான். இப்போது ஆட்டம் இடஞ்சுழியாகப் போகிறது. பழைய நாளில் வலஞ்சுழியாக, அதாவது 1-ஆம் டீயிலிருந்து 17-ஆம் கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையை) நோக்கி அடித்தார்கள். 1870 வாக்கில் மைதானக் காப்பாளர் ஓல்டு டாம் மாரிஸ் 1-ஆம் குழிக்குத் தனிக் கிரீன் அமைத்த பிறகுதான் திசை மாற வழி பிறந்தது. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் மைதானத்தில் புரியாத பல விஷயங்கள் புரிந்துவிடும். 12-ஆம் குழிக்கு வரும்போது அதன் டீயில் நின்று பாருங்கள். நேரே வெறும் புல்வெளிதான் தெரியும். நூற்றைம்பது அடி நடந்து திரும்பிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கிரீன் வரை போய்த் திரும்பிப் பாருங்கள்: ஃபேர்வேயின் நடுவிலேயே பங்கர்கள் என்னும் மணற்பள்ளங்கள் வாய் பிளந்து கிடக்கும். எதிர்த்திசையிலிருந்து வந்தவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிந்த பள்ளங்கள் இன்றைய ஆட்டக்காரருக்கு மறைந்து நிற்கின்றன. மைதானத்தில் மொத்தம் 112 பங்கர்.

அடுத்தது கிரீன்களின் கணக்கு. 18 குழிக்கு 11 கிரீன்தான். 1, 9, 17, 18 ஆகிய நான்குக்கும் தனித் தனி. மீதி 14 குழிகள் இரண்டிரண்டாக ஏழு பெரிய கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. 2-உம் 16-உம், 3-உம் 15-உம், 4-உம் 14-உம் என்று எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். வெளியே போகும் குழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பி வரும் குழிக்குச் சிவப்புக் கொடி. புதிதாக ஆட வருகிறவர்கள் தவறான கொடியைக் குறிவைத்து அடித்துவிட்டு அறுபது எழுபது அடி தூரம் பந்தை உருட்ட வேண்டிய நிலைக்கு ஆளாவது இங்கேதான். 5-உம் 13-உம் பகிரும் கிரீன் ஏறக்குறைய ஒரு ஏக்கர் பரப்பு. முதலில் போகவும் வரவும் ஒரே குழிதான் இருந்தது. ஆட்டக்காரர் கூடக்கூட எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டதால் 1850-களில் கிரீன்களை அகலப்படுத்தி இரண்டு குழி வெட்டினார்கள்.

உலகம் முழுக்க ஒரு சுற்றுக்கு 18 குழி என்ற எண் பரவியதும் இந்த மண்ணிலிருந்துதான். 1764 வரை இங்கே ஒரு சுற்றுக்கு 22. முதல் நான்கு குழிகளுக்கு அடிக்கும் தூரம் மிகக் குறைவு என்று அவற்றை இரண்டாக்கினார்கள். அவற்றையே திரும்பி வரும்போதும் ஆடியதால் போகையில் இரண்டும் வருகையில் இரண்டுமாக நான்கு குறைந்து 18 ஆயிற்று.

4-ஆம் குழிக்கு 'ஜிஞ்சர் பியர்' என்று பெயர். டா ஆண்டர்சன் என்ற கிழவர் அங்கே வண்டி போட்டு இஞ்சி பானம் விற்றார். அவ்வளவுதான் காரணம், பெயர் நிலைத்துவிட்டது.

7 முதல் 11 வரை மைதானம் மேய்ப்பனின் கோல் முனைபோல வளைந்து ஈடன் கழிமுகத்தைத் தொடும். இந்த இடத்தில் கவனம் தேவை. ஓல்டு கோர்ஸில் ஆட்டம் இல்லை என்றாலும் பக்கத்திலுள்ள நியூ, ஜூபிலி, ஈடன் மைதானங்களில் ஞாயிறன்றும் ஆடுவார்கள். 'ஃபோர்' என்று யாராவது கத்தினால் பந்து வருகிறது என்று பொருள், திரும்பிப் பார்க்காதீர்கள். தலையைக் கையால் மூடிக் குனியுங்கள். எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்ப்பவர்களுக்குத்தான் முகத்தில் அடிபடும்.

திரும்பும் வழியில் 14-இல் 'ஹெல்' பங்கர். கிட்டப் போய் அதன் சுவரைப் பாருங்கள். வெட்டிய புல்தரைத் துண்டுகளைச் செங்கல் அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொரு வரிசையையும் சற்றே பின்தள்ளி அடுக்கியிருப்பார்கள். வெயிலும் காற்றும் காய்ச்சி உதிர்ப்பதால் சில ஆண்டுக்கு ஒரு முறை குளிர்காலத்தில் பிரித்து அடுக்க வேண்டும். ஆகவே விளிம்பில் நிற்காதீர்கள், உள்ளே இறங்காதீர்கள். 1995 ஓபனில் ஜாக் நிக்லஸ் இதிலிருந்து பந்தை வெளியேற்ற நான்கு முறை அடித்து, அந்தக் குழியை முடிக்க மொத்தம் 10 முறை அடித்தார். 2000-இல் டைகர் உட்ஸ் நான்கு நாளும் சேர்த்து 112 பங்கரில் ஒன்றில்கூடப் பந்து விழாமல் கோப்பையை வென்றார். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் அந்த வெற்றியின் அளவு விளங்கும்.

17-இல் ஆட்டக்காரர்கள் பக்கத்திலுள்ள ஓட்டலின் மூலையிலுள்ள கொட்டகைகளுக்கு மேலாகப் பந்தை அடிப்பார்கள். அங்கே முன்பு ரயில்வே கொட்டகைகள் இருந்தன. ரயில் போன பின்னும் ஆட்டத்தின் கோணம் கெடக் கூடாது என்று அதே வடிவத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். கிரீனுக்குப் பின்னால் தார்ச்சாலை, அதன்பின் கற்சுவர். சாலையும் மைதானத்தில் சேர்ந்ததுதான், பந்து அதில் நின்றால் அங்கிருந்தே அடிக்க வேண்டும். கிரீனின் இடது இடுக்கில் இருக்கும் ரோடு பங்கர் பார்ப்பதற்குச் சின்னது. ஆனால் சுற்றியுள்ள தரை முழுவதும் அதை நோக்கிச் சரிகிறது. 1978-இல் ஜப்பானின் நகாஜிமா கிரீனில் உருட்டிய பந்தே சரிந்து அதில் விழுந்தது. அந்தக் குழியை முடிக்க அவர் மொத்தம் 9 முறை அடித்தார்.

நிதானமாகப் பார்த்து நடந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும். கிரீன்களின் மேல் ஏறாமல் ஓரமாகச் சுற்றிப் போங்கள். அடுத்த நாள் காலை அங்கே பந்து உருள வேண்டும்.

ஆடவே வேண்டும் என்றால்

பலருக்கும் வழி குலுக்கல்தான். ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை ஆடச் சனிக்கிழமை குலுக்குவார்கள். இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். தனியாக வருபவருக்கு முன்பெல்லாம் விடியவிடிய வரிசையில் நிற்பதுதான் கதி. 2024 முதல் அவர்களுக்கும் தனிக் குலுக்கல் உண்டு, அதற்கு நேரில் ஊரில் இருக்க வேண்டும். ஆட்டத்திறனைக் காட்டும் அதிகாரபூர்வ எண்ணான ஹேண்டிகேப் 36-க்கு மேல் போகக் கூடாது (எண் குறையக் குறையத் திறன் அதிகம்), சான்றைக் கையில் வைத்திருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஃபேர்வேயில் சிறு பாய் விரித்து அதன்மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். அந்த மாதங்களில் புல் வளராது, வெட்டுப்பட்ட இடம் ஆறாது. ஆண்டுக்கு ஆண்டு விதிகளில் சிறு மாற்றம் வருவதால் டிரஸ்டின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஹேண்டிகேப் இல்லாதவர்களுக்கு 'ஹிமாலயாஸ்' இருக்கிறது. 1867-ல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப்பின் மேடும் பள்ளமுமான புல்தரை. சில பவுண்டுக்கு மட்டையும் பந்தும் கொடுப்பார்கள். பந்தை நேராகக் குழிக்கு அடித்தால் போகாது, மேட்டின் தோளில் ஏற்றி இறக்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவற விடாதீர்கள்.

மறுநாள் கரையோரம்

95-ஆம் எண் பேருந்து செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து கரையைத் தொட்டுக்கொண்டே லெவன் வரை போகும். வழியில் கிரெயில். அங்குள்ள கிளப் 1786-ல் தொடங்கியது. குழியின் ஓரம் சரியாமல் இருக்க உள்ளே இரும்பு வளையம் வைத்தவர்கள் தாங்களே முதல் என்று 1874-ஐக் காட்டுகிறார்கள். இன்று எல்லாக் கோல்ஃப் குழியிலும் அப்படியொரு கிண்ணம் இருக்கிறது.

அடுத்து ஈலி. 1-ஆம் டீக்கு முன்னால் ஒரு மேடு பார்வையை மறைக்கிறது. முன்னால் போனவர்கள் விலகிவிட்டார்களா என்று பார்க்க, எக்ஸ்காலிபர் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பைத் தொடக்கக் குடிலில் நட்டு வைத்திருக்கிறார்கள். கூட்டமில்லாத நேரத்தில் பணிவாகக் கேளுங்கள், பார்க்க விடுவார்கள். இங்கே பார் 5 குழி, அதாவது நல்ல ஆட்டக்காரர் ஐந்து முறை அடித்து முடிக்க வேண்டிய குழி, ஒன்றுகூடக் கிடையாது. 16 குழி பார் 4, இரண்டு பார் 3. ஐந்து முறை ஓபனை வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் ஒட்டியுள்ள எர்ல்ஸ்ஃபெரியில் பிறந்தவர்.

கடைசியாக லண்டின் லிங்ஸும் லெவனும். முதலில் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே மைதானம். இரு முனையிலிருந்தும் ஆள் புறப்பட்டுக் கூட்டம் தாங்காமல் போனதால் 1909-ல் நடுவிலுள்ள 'மைல் டைக்' என்ற கற்சுவரை எல்லையாக வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். பாதிப் பழைய குழிகளை இவர்களும் மீதியை அவர்களும் எடுத்துக்கொண்டு, குறைந்ததை உள்நிலத்தில் புதிதாக வெட்டினார்கள். கடற்கரையோரமாக நடந்து போய் அந்தச் சுவரைப் பார்க்கலாம். பார்த்துவிட்டுச் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குத் திரும்பத் தேவையில்லை. லெவனுக்கு 2024 ஜூனிலிருந்து மறுபடியும் ரயில் ஓடுகிறது, அதிலேயே எடின்பரோ போய்விடலாம்.