வடசென்னைக் குடும்பங்கள் முன்னோரின் பெயர் வரலாற்றைத் தேடும் முறை

இராயபுரத்திலும் பெரம்பூரிலும் பல தலைமுறைகளாக வாழும் கிறித்தவ, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பெரைரா, டிசோசா, பெர்னாண்டோ போன்ற பெயர்களைக் கண்டதும் போர்த்துகீசிய வம்சம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிப் பகுதிக் கடற்கரையின் பரதவர்கள் திரளாகத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றபோது அவர்களுக்கும் இத்தகைய பெயர்களே சூட்டப்பட்டன என்பதால், பெயரை மட்டும் நம்பி வம்சத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் வீட்டிலுள்ள இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ரயில்வே ஓய்வூதியத் தாள்கள் ஆகியவற்றைத் திரட்டி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பெரம்பூர் ரயில்வே பணிமனை 1856லேயே தொடங்கப்பட்டதால், அங்கு வேலைக்கு வந்த முன்னோரைப் பற்றிய குறிப்பு பல வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும்.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1886இல்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகளே முதன்மையான ஆதாரம். பங்குத்தந்தைக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, தோராயமான ஆண்டையும் குறிப்பிட்டால் தேடுவது எளிதாகும். திருமுழுக்குப் பதிவில் குழந்தையின் பெயரோடு நின்றுவிடாமல், தந்தையின் தொழில், வசிப்பிடம், திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகிய விவரங்கள் இருந்தால் அவற்றையும் அப்படியே படியெடுக்க வேண்டும். குழந்தைக்கு ஞானத்தந்தையின் பெயரே வைக்கப்பட்டிருந்தால், குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே நல்ல துப்பாகும். மேலும், ஒரே மனிதர் ஓர் ஏட்டில் பீட்டர் என்றும் மற்றொன்றில் அதன் தமிழ் வடிவமான இராயப்பன் என்றும் இருக்கலாம். சின்னப்பன் பால் ஆகவும் சவரிமுத்து சேவியராகவும் எழுதப்பட்டிருக்கலாம். எனவே எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். இதை விட்டுவிட்டால் நேரடி முன்னோரே கண்ணில் படாமல் போய்விடுவார்.

ஏடு செல்லரித்துப் போயிருந்தாலும் வழி அடைந்துவிடவில்லை. சென்னை மாகாணத் தேவாலயங்களிலிருந்து அனுப்பப்பட்ட திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்களே மிகுதி. பெயர்ப் பட்டியலின் ஒரு பகுதியை ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகுவது நல்லது.

ஆண்டே தெரியாதவர்கள் காசிமேடு கல்லறைத் தோட்டத்திலிருந்து தொடங்கலாம். தேய்ந்த எழுத்துகள் சாய்வான காலை வெயிலில் தெளிவாகத் தெரியும். கல்லில் இறந்த ஆண்டும் வயதும் இருந்தால், கழித்துப் பார்த்துக் கிடைக்கும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்தே திருமுழுக்கு ஏட்டைக் கேளுங்கள்.