நூறு வரை ஒப்பித்தால் எண்ணத் தெரிந்துவிட்டதா?

ஐந்து வயசில் கேஜியில் சேர்த்த பிள்ளை ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் சொல்கிறது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் எல்லாம் ஒப்பிக்கச் சொல்கிறோம். சந்தோஷம்தான். ஆனால் அதை எண்ணத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த மாதமே கூட்டல் நோட்டை நீட்டுவதுதான் பர்மாவில் நம் தமிழ் வீடுகளிலும் கோயில் தமிழ் வகுப்புகளிலும் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு. பின்னால் வரும் பல தவறுகளுக்கு வேர் இதுதான்: பிள்ளையின் வாயும் கையும் சரியாகச் செய்கிறதா என்று பார்க்கிறோம், அளவு மனசில் ஏறியதா என்று பார்ப்பதில்லை.

சோதித்துப் பார்க்க எட்டு புளியங்கொட்டை போதும். எண்ணச் சொல்லுங்கள். எட்டு என்று முடித்ததும் "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. கொட்டைகளைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பி வைத்து "இப்போ கூடியிருக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்றுகூடச் சொல்லும். "ஆறு எடுத்துத் தா" என்றால் கை நிறைய அள்ளித் தரும். இதில் திட்டுவதற்கு ஒன்றுமே இல்லை, அந்த வயசில் அப்படித்தான் இருக்கும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு சில வாரம் தட்டு, கரண்டி, மாடிப்படி, செருப்பு என்று கையில் அகப்பட்டதை எல்லாம் எண்ணவிடுங்கள். விரல் விடுவதையும் தடுக்காதீர்கள். விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்து எண்ணுகிற பிள்ளை கணக்குக்குப் பயப்படுகிற பிள்ளை, அந்தப் பயத்தைக் கொடுத்தது நாம்தான்.

அடுத்தது இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம், கைபேசியில் 1, 2, 3. பர்மிய எழுத்தில் மூன்றும் நான்கும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நிற்கும், சுழியம் மூடிய வட்டம், ஒன்று கொஞ்சம் திறந்த வட்டம். பிள்ளை மூன்றுக்குப் பதில் நான்கைப் போட்டு எழுதியதும் நாம் சிவப்பு மையால் கோடு போட்டு "கணக்கு வரலை" என்கிறோம். அது பெரும்பாலும் எழுத்துப் பிழை, கணக்குப் பிழையே இல்லை. தப்பான விடையைப் பார்த்ததும் முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள், வாயில் சரியாக வந்தால் கைக்குத்தான் பயிற்சி தேவை.

பெரிய எண்ணுக்குப் போனால் இன்னொரு பொறி. பர்மியத்தில் ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் தனித்தனிச் சொல் உண்டு, ஆனால் தமிழ்க் காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட "தௌங்" என்றுதான் விழும். ஓசை ஏற்ற இறக்கத்திலும் முதல் எழுத்தின் ஒலியிலும்தான் வித்தியாசம். ஆக, கடைக்காரர் சொல்வது இரண்டாயிரமா இருபதாயிரமா என்று நம் வீட்டுச் சின்னப் பிள்ளை தடுமாறுவது இயல்பு. தமிழிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. பர்மியத்தில் 90 என்றால் ஒன்பது பத்து, அவ்வளவுதான். நாமோ தொண்ணூறு என்கிறோம், அதில் நூறு கேட்கிறது. 900க்குத் தொள்ளாயிரம் என்கிறோம், அதில் ஆயிரம் கேட்கிறது. தொள்ளாயிரத்தை 9,000 என்று எழுதுகிற பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறது.

அதனால், கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தி "தமிழ்ல சொல்லு" என்று அதட்டாதீர்கள். ரங்கூனிலும் மோல்மீனிலும் தமிழ் நிற்கவேண்டும் என்ற தவிப்பு எனக்கும் நிறையவே உண்டு. ஆனால் யோசிக்கிறபோது மனசில் எந்த மொழியில் எண் ஓடுகிறதோ அந்த மொழியில் ஓடட்டும். விடை வந்த பிறகு "இதையே தமிழில் எப்படிச் சொல்லுவோம்?" என்று கேளுங்கள். இரண்டும் கிடைக்கும்.

சரி, இப்போது கழித்தலுக்கு வருவோம், கண்ணீர் அதிகம் வருகிற இடம் இதுதான். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். கவனக்குறைவு என்று நினைக்கிறோம். இல்லை. "இரண்டிலிருந்து ஏழு போகாது" என்று நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அதனால் பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போடுகிறது, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று போடுகிறது. ஒவ்வொரு கணக்கிலும் இதே மாதிரி தப்பு வருகிறதென்றால் பிள்ளை ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்று அர்த்தம், விதிதான் தப்பு. இதற்கு இருபது கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் தப்பான விதி இருபது தடவை உறுதிப்படும், வேறொன்றும் நடக்காது.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு உதிரி எடுக்கவேண்டும், இல்லை, ஒரு கட்டைப் பிரி. இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து, இரண்டு கட்டை எடுத்தால் இரண்டு, 25. "கடன் வாங்கு" என்ற வார்த்தையை நான் சொல்வதே இல்லை, ஏனென்றால் வாங்கின கடனைப் பிள்ளை எங்கேயும் திருப்பிக் கொடுப்பதில்லை, அப்புறம் எதற்கு அந்த வார்த்தை? பிரிக்கிறோம், அவ்வளவுதான். குச்சியில் பிரிக்கும்போதே பக்கத்தில் நோட்டிலும் எழுதவையுங்கள், குச்சி ஒரு நாள் நோட்டு ஒரு நாள் என்று பிரித்தால் இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். அப்புறம் விடையைச் சந்தேகப்படவும் பழக்குங்கள்: 52இல் 30 போனாலே 22 மிஞ்சுமே, 27 போனால் 35 எப்படி மிஞ்சும்?

பணத்தில் சொல்லித்தருவதும் நல்ல வழி, ஆனால் எந்தப் பணம் என்பதைப் பார்க்கவேண்டும். "ஒரு மிட்டாய் 2 கியாட், 3 மிட்டாய் எவ்வளவு?" என்று கேட்பது இங்கே வளரும் பிள்ளைக்கு வேற்றுலகக் கணக்கு. நூறுக்குக் கீழே கடையில் கிட்டத்தட்ட எதுவுமே கிடையாது, பிள்ளை தினமும் பார்ப்பது 200, 500, 1,000 நோட்டுகளைத்தான். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 3,200 கையில் இருக்கிறது, 1,700க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டால் அம்மாவோடு கடைக்குப் போய்ப் பழகிய பையன் 1,500 என்று சட்டென்று சொல்வான். அதே பையன் நோட்டில் மேலும் கீழுமாக எழுதிக் கொடுத்தால் 2,500 என்று போடுவான்! ஒரு ஆயிரத்தைப் பத்து நூறாக மாற்றுவது அவனுக்குக் கடையில் தெரிகிறது, நோட்டில் அதே வேலைதான் நடக்கிறது என்பதை யாரும் காட்டவில்லை. நோட்டில் போட்ட விடையையும் கடையில் சொன்ன விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இதில் எது சரி, ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

பின்னால் பொய்யாகிப்போகும் விதிகளைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். "பத்தால் பெருக்கினால் ஒரு சுழியம் சேர்" என்பது 2.5க்கு வந்ததும் 2.50 ஆகிவிடும், அளவு அப்படியே நிற்கும். "பெருக்கினால் பெரிசாகும்" என்பது பாதியால் பெருக்கும்போது உடையும். இவை எல்லாம் ஒரு வருஷம் நமக்கு வேலையைச் சுலபமாக்கும், அடுத்த வருஷ ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் பாரமாகும்.

இதே ஜாதிதான் வார்த்தைக் கணக்கில் சொல்லித்தரும் குறுக்குவழி: "மொத்தம்", "அதிகம்" என்றால் கூட்டு, "மீதி" என்றால் கழி. ராணியிடம் 9 ரம்புத்தான் இருக்கிறது, அது தம்பியிடம் இருப்பதைவிட 3 அதிகம், தம்பியிடம் எத்தனை? "அதிகம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 12 என்று எழுதும். யாரிடம் கூட இருக்கிறது என்று ஒரு படம் போடச் சொல்லியிருந்தால் 6 தானாக வந்திருக்கும். ட்யூஷனில் சொல் பார்த்துக் கணக்குப் போடும் பழக்கம்தான் வேகமாக மதிப்பெண் தருகிறது என்பது எனக்கும் தெரியும். அந்த வேகம் எனக்கு வேண்டாம்.

சமக்குறியையும் சாதாரணமாக விட்டுவிடுகிறோம். 8 + 4 = ☐ + 5 என்று கொடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் 12 போடுவார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 போடுவார்கள், 7 என்று போடுகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். சமக்குறிக்குப் பின்னால் விடை வரும் என்றே பழகியிருக்கிறார்கள். 12 = 8 + 4, 7 = 7 என்றும் அவ்வப்போது எழுதிக் காட்டுங்கள், போதும்.

வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டுமா என்றால் கட்டாயம் வேண்டும். ஆனால் பிரம்பும் கடிகாரமும் வேண்டாம். முட்டை அட்டையைக் காட்டுங்கள், ஒரு பக்கம் 5, ஒரு பக்கம் 6, மொத்தம் 30, அட்டையைத் திருப்பினாலும் 30. ஐயாறும் ஆறைந்தும் ஒன்றுதான் என்று தெரிந்தால் மனப்பாடம் செய்யவேண்டியது பாதியாகக் குறைந்துவிடும். ஏழெட்டு மறந்துபோன பிள்ளை ஐயெட்டு நாற்பது, ஈரெட்டு பதினாறு, சேர்த்தால் 56 என்று தானே கண்டுபிடிக்கும். நிமிஷக் கணக்கு வைத்துக் கேட்டால் மறந்த இடத்தில் அப்படியே உறைந்து நிற்கும்.

கடைசியாகப் பின்னம். மூன்றைவிட நான்கு பெரிசு, அதனால் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிசு என்று பிள்ளைகள் நினைப்பதற்குக் காரணம், மேலே ஒரு எண் கீழே ஒரு எண் என்று எழுதுவதில் நாம் ஆரம்பிப்பதுதான். டீக்கடை பலாட்டா, அதாவது பரோட்டா, இரண்டை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் ஒன்றை நான்காகவும் பிய்த்து எது வேண்டும் என்று கேளுங்கள், விவாதமே இருக்காது. அதோடு நமக்குக் கால், அரை, முக்கால் என்று தனிச் சொற்கள் இருக்கின்றன, சந்தையில் வீசை என்ற எடை அளவும் இருக்கிறது. "அது பழைய அளவு, பள்ளியில் கிலோதான், பிள்ளையைக் குழப்பாதீங்க" என்று சிலர் சொல்வார்கள். வீசை ஏறக்குறைய 1.63 கிலோ, அந்த மாற்றக் கணக்கு பிள்ளைக்கு இப்போது தேவையில்லை. ஆனால் ஒரு வீசை 100 பங்காகப் பிரியும், கால் வீசை 25, அரை வீசை 50, முக்கால் வீசை 75, இதைவிட நல்ல பாடப் பொருள் எங்கே கிடைக்கும்? வெங்காயம் வீசை 4,000 என்றால் முக்கால் வீசைக்கு எவ்வளவு என்று கடைக்காரர் சொல்வதற்கு முன்னால் பிள்ளையைக் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் விடையைச் சொல்லிவிடாமல், அரை வீசைக்கு எவ்வளவு, கால் வீசைக்கு எவ்வளவு என்று இறங்கி வந்து திரும்பவும் முக்காலுக்குக் கேளுங்கள்.