நெட் சென்டரை விட்டு எழுந்திருக்கும் முன்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடையும் நெட் சென்டரும் நடத்துகிறேன். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பெரியார் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், குரூப் 4 அறிவிப்பு வந்தால் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிறவர்கள், பட்டா நகல் கேட்டு வரும் விவசாயிகள் என்று நாள் முழுவதும் பிறருடைய ஆதாரும் சாதிச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் என் கைவழியாகப் போகின்றன. போனை யாரோ தொலைவிலிருந்து ஒட்டுக்கேட்கிறார்களோ என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறைய. நான் பார்த்தவரை, நம் விவரங்கள் பெரும்பாலும் பக்கத்திலேயேதான் கைமாறுகின்றன. கடை மேசையில், போன் வாங்கிய இடத்தில், சில நேரம் வீட்டுக்குள்ளேயே. அதனால் என் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “அக்கா, வாட்ஸ்அப் நம்பர் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்” என்பதுதான். அனுப்பிய கோப்பு கடையின் போனில் தங்குகிறது. கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் வழியாகத் திறந்து அச்சிட்டால், அங்கே டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ஒரு பிரதி விழுகிறது. பிறகு நீங்கள் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று அழித்தாலும், அதற்குச் சுமார் இரண்டரை நாள்தான் அவகாசம். கணினியில் இறங்கிவிட்ட பிரதி அப்போதும் அழியாது. அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர் அந்த ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் அவர் கண் முன்னால் இருக்கும்.

ஆகவே பிரிண்ட் கைக்கு வந்தவுடன் கிளம்பாதீர்கள். டவுன்லோட்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி டெலிட் தட்டச் சொல்லுங்கள். வெறும் டெலிட் என்றால் அது ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்திருக்கும். கடை போனில் இருக்கும் வாட்ஸ்அப் செய்தியையும் உங்கள் கண் முன்னால் நீக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொன்னது; அந்த வழக்கு ஆதாரை எதிர்த்துத் தொடங்கியதுதான். அழிக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

சரியாக விழாத ஜெராக்ஸ் தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலில் வடை மடித்துக் கொடுத்ததை நான் வாங்கியிருக்கிறேன். கணக்கு எண் எண்ணெய்க் கறையிலும் தெளிவாகத் தெரிந்தது. நல்ல நகலைக் கொடுக்கும்போதும் அதன் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கடைக் கணினியில் நீங்களே மெயில் திறப்பதாக இருந்தால், குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இன்காக்னிட்டோ ஜன்னல் திறக்கும். வேலை முடிந்ததும் அதை மூடினால் லாகினும் ஹிஸ்டரியும் போய்விடும்; இறக்கிய கோப்புகள் மட்டும் அப்படியே இருக்கும். வங்கி வேலையை மட்டும் எந்த நெட் சென்டரிலும் செய்யாதீர்கள், என் கடையிலும்கூட. தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்யும் மென்பொருள்கள் உண்டு. கீபோர்டு வயருக்கும் கணினிக்கும் நடுவில் செருகும் சிறு கருவியும் உண்டு. இன்காக்னிட்டோ இவற்றைத் தடுக்காது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 2011ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவரின் அடையாளத்தையும் பயன்படுத்திய விவரத்தையும் நாங்கள் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும்.

ஆதாருக்கு வருவோம். இணையத்தில் இறக்கும் இ-ஆதாரின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். அதனால் இறக்கும்போதே மாஸ்க்டு ஆதார் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும் தெரியும். ஆதார் தளத்தில் பயோமெட்ரிக் லாக் என்று ஒரு வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால் உங்கள் விரல்ரேகையைக் கொண்டு யாரும் ஆதார் சரிபார்ப்போ, அதன்வழிப் பணம் எடுப்பதோ முடியாது. ரேஷன் கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். ஆதாரில் பதிந்த போன் எண் கையில் இருந்தால்தான் இது நடக்கும், ஓடிபி அதற்குத்தான் வரும். வயதான பெற்றோருக்கு இதைப் பிள்ளைகள் செய்துகொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். தாழங்குடாவிலிருந்து ஒரு பெரியம்மா மகனுக்கு விண்ணப்பம் போட வந்தார். ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டேன். பையிலிருந்து போன் பெட்டியின் மூடியை எடுத்து நீட்டினார். போன் விற்றவர் நீல மையில் எழுதிக் கொடுத்திருந்தார்: பெரியம்மாவின் பெயர், பக்கத்தில் 123. பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் ரெக்கவரி எண்ணாக இருந்தது அந்தக் கடைக்காரரின் எண். அந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போனில் இருக்கும் தொடர்பு எண்கள், கூகுள் போட்டோஸில் ஏறிய படங்கள், போன் இப்போது எங்கே இருக்கிறது என்பது வரை பார்க்கலாம். நம் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் பலரின் போன் இப்படித்தான் தொடங்கப்படுகிறது.

உங்கள் வீட்டுப் பெரியவரின் போனை இன்றே வாங்கிப் பாருங்கள். செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் கணக்கை நிர்வகிக்கும் பகுதி, அதற்குள் செக்யூரிட்டி. ரெக்கவரி எண்ணையும் மெயிலையும் முதலில் மாற்றுங்கள், பிறகு பாஸ்வேர்டை. இந்த வரிசை முக்கியம். பழைய ரெக்கவரி எண் அப்படியே இருந்தால் புதுப் பாஸ்வேர்டையும் அதைக் கொண்டே மாற்றிவிட முடியும். அதே பக்கத்தில் ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பட்டியலில் தெரியாத போனோ கணினியோ இருந்தால் வெளியேற்றுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் இதே போன்ற பட்டியல் ஒன்று இருக்கிறது, லிங்க்டு டிவைசஸ் என்ற பெயரில். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், “நான் தங்கையிடம் பேசுவதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிகிறது அக்கா?” என்று கேட்டாள். திறந்து பார்த்தால் விண்டோஸ் கணினி ஒன்று, கடைசியாக இயங்கியது அன்று காலை. போன் திறந்த நிலையில் யார் கையிலாவது அரை நிமிடம் கிடைத்தால் போதும், இப்படி இணைத்துவிடலாம்.

பார்த்தவுடன் லாக் அவுட் செய்யத்தான் கை போகும். கண்காணிப்பவர் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர், கோபக்காரர் என்றால் கொஞ்சம் பொறுங்கள். இணைப்பு அறுந்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். முதலில் திரையை வேறொரு போனில் படம் எடுத்து நம்பிக்கையானவரிடம் வையுங்கள். பெண்கள் உதவி எண் 181. அதையும் உங்கள் போனிலிருந்து அழைக்காதீர்கள். பாதுகாப்பு உறுதியான பிறகு லாக் அவுட் செய்து, திரைப் பூட்டை மாற்றி, வாட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்பில் 6 இலக்க எண் வையுங்கள். அந்தரங்கத்தைவிட உயிர் பெரிது. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டியையும் பாருங்கள். நீங்கள் போடாத செயலிக்கு அங்கே அனுமதி இருந்தால், உங்கள் திரையையே அது படிக்கலாம்.

செயலி அனுமதிகள் பற்றி நிறைய எழுதுகிறார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதலே அதைத் தடுத்தது; இப்போதைய விதிகளும் தடுக்கின்றன. அந்தப் பட்டியலை வைத்துத்தான் பிறகு உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்துகிறார்கள்.

போன் சர்வீஸுக்குப் போகிறதா? சாம்சங் போன்கள் பலவற்றில் மெயின்டனன்ஸ் மோட் உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் பழுது பார்ப்பவருக்குப் படங்களோ செய்திகளோ தெரியாது. அந்த வசதி இல்லாத போனில் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே மாற்ற பேட்டர்ன் தேவையில்லை; சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் நீங்களே திறந்து காட்டுங்கள்.

இதுவரை எத்தனையோ இடத்தில் ஆதார் நகல் கொடுத்தாகிவிட்டதே என்று கேட்பீர்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் ‘இது என் எண் இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார் தளத்தில் சரிபார்ப்பு வரலாறும் இருக்கிறது. உங்கள் ஆதார் எந்தத் தேதியில் எந்த முறையில் பயன்பட்டது என்று அதில் வரும். பணம் போயிருந்தால் அப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். வங்கிக் கிளை திறக்கும் வரை காத்திருக்காதீர்கள்.