அம்பாசடருக்கு இன்ஜெக்ஷன்: நான்கு இன்ஜெக்டர் வேண்டாம்

கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும்போதுதான் எங்கள் அம்பாசடருக்கு மூச்சு முட்டும். 1984 மாடல் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். மே மாத வெயிலில் இரண்டாம் கியரிலேயே ஏறினால் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். அப்பா ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, பம்ப் மேல் ஈரத்துணி போடுவார். குன்னூர் தாண்டினால் வேறு தொல்லை. காற்று மெலியும், ஆனால் கார்புரேட்டர் கோயம்புத்தூர் கணக்கிலேயே பெட்ரோல் கொடுக்கும், பிளக் கரி பிடிக்கும். அந்த வண்டிக்குத்தான் நான் இன்ஜெக்ஷன் போட்டேன். அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக, இசியு என்ற சிறு கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொல்லும் அளவுக்கு இன்ஜெக்டர் என்ற மின் வால்வு பெட்ரோலைப் பீய்ச்சும்.

முதலில் ஒரு வார்த்தை. ஓடாத இன்ஜினுக்கு இன்ஜெக்ஷன் மருந்தல்ல. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒன்றுபோல் இருக்கிறதா, டேப்பட் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இருக்கிறதா, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் காற்று கசிகிறதா என்று பார்த்து, கார்புரேட்டரிலேயே நன்றாக ஓட வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வண்டிக்கு 50 வயது தாண்டி, விண்டேஜ் பதிவு வாங்கும் எண்ணமிருந்தால் இந்த வேலையே வேண்டாம். 2021இல் வந்த விதிகள் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும் என்கின்றன.

இனி முக்கியமான விஷயம். இது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ் இன்ஜின். ஹெட்டைக் கழற்றியவர்களுக்குத் தெரியும், நான்கு சிலிண்டருக்கு, காற்றும் பெட்ரோலும் நுழையும் இன்லெட் வாய் இரண்டே இரண்டு. ஒன்றும் இரண்டும் ஒரு வாயைப் பங்கு போட்டுக்கொள்ளும், மூன்றும் நான்கும் மற்றதை. சிலிண்டர்கள் எரியும் வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2. ஆகவே 2 உறிஞ்சி முடிக்கும் முன்பே அதே வாயில் 1 உறிஞ்ச ஆரம்பிக்கும், அப்புறம் நீண்ட இடைவெளி. அந்தப் பக்கம் 3, உடனே 4. வாய்க்கு அருகில் இன்ஜெக்டர் வைத்துச் சாதாரணமாகப் பீய்ச்சினால், முந்திக்கொண்ட சிலிண்டர் பெட்ரோலை அள்ளிவிடும், அடுத்தது காய்ந்துபோகும். மினி காரின் ஏ-சீரிஸ் இன்ஜினுக்கும் இதே ஹெட் அமைப்புதான். 1991இல் மினியைத் தயாரித்த ரோவர் அதற்கு த்ராட்டில் பாடியில் (ஆக்ஸிலேட்டருக்கு ஏற்பக் காற்றை உள்ளே விடும் பாகம்) ஒற்றை இன்ஜெக்டர் வைத்தது. வாய்க்கு ஒன்றாக இரண்டு இன்ஜெக்டர் வந்தது 1996இல்தான், அதுவும் பீய்ச்சும் நேரத்தை நுணுக்கமாகக் கணக்கிட்டு. நான்கு சிலிண்டர், நான்கு இன்ஜெக்டர் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நான் செய்தது எளிய வழி. கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் ஓர் அலுமினியக் கட்டை, அதில் சாய்வாக இரண்டு இன்ஜெக்டர், அதற்கு மேல் மாருதி எஸ்டீமின் பழைய த்ராட்டில் பாடி. பெட்ரோல் மேனிஃபோல்ட் பிரிவதற்கு முன்பே காற்றோடு கலந்துவிடுவதால் பங்குச் சண்டை குறையும். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கட்டையைக் கடைந்தேன். "ஏனுங்க, தட்டையா ஒரு பிளேட் போட்டாப் போதாதுங்களா?" என்று கேட்டார் லேத்காரர். போதாது. சாய்வு தவறினால் பெட்ரோல் எதிர்ச்சுவரில் அடித்து வழியும். இன்ஜெக்டரை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஓ-ரிங் அளவுக்குத் துளை அமையட்டும். கீழே எக்ஸாஸ்ட் சூடு மேனிஃபோல்டைத் தொடும் இடத்தை அடைக்க வேண்டாம். பெட்ரோல் ஆவியாக அந்தச் சூடு தேவை.

இன்ஜெக்டர் அளவு இப்படி வரும். இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்றால் 25 பவுண்டு. இன்ஜெக்டர் 80 சதவீத நேரம்தான் திறந்திருக்க வேண்டும் என்பதால் 25ஐ 0.8ஆல் வகுத்து 31 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 330 சிசி. இரண்டாகப் பிரித்தால் தலா 165. கொஞ்சம் கூடுதலாக 180, 200 இருந்தால் நல்லது. மிகப் பெரியதை வாங்கினால் ஐடில் நிற்காது.

பெட்ரோல் லைனில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பழைய பம்ப் தரும் அழுத்தம் சில பிஎஸ்ஐ, இங்கே வேண்டியது 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்தால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீறிடும். இன்ஜெக்ஷனுக்கென்று விற்கும் ஹோஸ், அதற்கான கிளாம்ப் மட்டும் போடுங்கள். பெட்ரோல் பங்கில் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் பழைய ரப்பர் இன்னும் சீக்கிரம் இற்றுவிடும். பம்ப் டாங்குக்குப் பக்கத்தில், டாங்கை விடத் தாழ்வாக இருக்கட்டும். அது தள்ளும், இழுக்க முடியாது. மிஞ்சும் பெட்ரோல் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்புக்காக டாங்கில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். காலி டாங்குதான் வெடிக்கும். பெட்ரோல் மட்டம் காட்டும் ஃப்ளோட் யூனிட்டின் மூடித்தட்டைத் தனியாகக் கழற்றி, கழுவி, அதில் பைப்பைப் பொருத்தலாம். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலேயை இசியு வழியாகவே கொடுங்கள்.

இசியுவாக ஸ்பீடுயினோ போட்டேன். திறந்த வடிவமைப்பு, போர்டை நாமே சாலிடர் செய்யலாம். இக்னிஷனை முதலில் தொட வேண்டாம், டிஸ்ட்ரிப்யூட்டர் அப்படியே இருக்கட்டும். காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து ஆர்பிஎம் சிக்னல் எடுக்கலாம், ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும். நடுவில் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாக மட்டும் கடத்தும் சில்லு) இல்லாமல் இணைத்தால் போர்டு போய்விடும். டைனமோ உள்ள வண்டி என்றால் ஆல்டர்னேட்டர் மாற்றியாக வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்த பாசிட்டிவ் எர்த் வண்டி என்றால் அதையும்.

எனக்கு இரண்டு வாரம் தின்றது வேறு ஒன்று. 800இல் ஓடும் இன்ஜினுக்கு லேப்டாப்பில் ஆர்பிஎம் திடீரென்று 4000 காட்டும், உடனே பெட்ரோல் மண்டும், இன்ஜின் நின்றுவிடும். சென்சார், வயர், புரோகிராம் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் குற்றவாளி செம்புக் கம்பி பிளக் வயர். ரெசிஸ்டன்ஸ் உள்ள பிளக் வயர் போட்டு, இசியு எர்த்தை பாடியிலிருந்து எடுத்து இன்ஜின் பிளாக்கிலேயே முடுக்கியதும் ஊசி அசையாமல் நின்றது.

ட்யூனிங்குக்கு, காற்று-பெட்ரோல் கலவையை அளந்து காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் கட்டாயம். எக்ஸாஸ்ட் பைப்பின் மேல் பாதியில் வையுங்கள், அடியில் வைத்தால் தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய எண்ணை மறந்துவிட்டு லாம்டாவில் பாருங்கள். கலவை சரியாக இருந்தால் லாம்டா 1, பெட்ரோல் கூடினால் 1க்குக் கீழே. எத்தனால் அளவு மாறினாலும் லாம்டா 1 என்பது 1தான். சீரான ஓட்டத்தில் 1, முழு ஆக்ஸிலேட்டரில் 0.87 பக்கம். சமவெளியில் இசியுவின் பெட்ரோல் அட்டவணையில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பிறகே மலைக்குப் போங்கள், பக்கத்தில் ஒருவர் லேப்டாப்போடு இருக்கட்டும், ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது.

கோயம்புத்தூரில் சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் மேப் சென்சாரைப் (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது, இதை வைத்துத்தான் இசியு பெட்ரோலைக் கணக்கிடும்) பார்த்தால் 96, 97 கிலோபாஸ்கல் காட்டும். ஊட்டியில் அதே சென்சார் 77 காட்டியது. ஸ்டார்ட் செய்தேன், லாம்டா சமவெளியில் இருந்த இடத்திலேயே இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், வெளிர் பழுப்பு. அப்பா வழக்கம்போல் ஒரு துணியை நனைத்துக் கையில் வைத்திருந்தார். அதை வைத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.