காடு அழியாமல் மரம் எடுப்பது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு எல்லாக் காட்டிலும் மரம் எடுக்கலாம் என்று கோடாரியைத் தூக்க வேண்டாம். கை படாத பழைய காடு, சதுப்புக் காடு, செங்குத்துச் சரிவு, ஓடை பிறக்கும் இடம் இவற்றையெல்லாம் விட்டுவிடுங்கள். பல நூறு ஆண்டுகளாக மரத்திலும் மண்ணிலும் சேர்ந்த கரிமம் அங்கே இருக்கிறது, ஒருமுறை வெளியேறினால் நம் பிள்ளைகள் காலத்திலும் திரும்பாது. கீழே சொல்வது மற்ற காடுகளுக்கு: ஒருமுறை வெட்டப்பட்டு மறுபடி தழைத்தவை, ஊர்ப் பொதுக்காடு, குடும்பத்துக்குச் சொந்தமான மரத்தோப்பு.

அளவுநாடாவை எடுப்பதற்கு முன்னால் ஆட்களைக் கூட்டுங்கள். நிலத்துக்கு ஆவணம் வைத்திருப்பவர்கள் மட்டும் வந்தால் போதாது. விறகு பொறுக்குகிறவர், மாடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், மூலிகை பறிப்பவர் எல்லோரும் வேண்டும், குறிப்பாகப் பெண்கள் வேண்டும், ஏனென்றால் எந்த ஓடை எந்த மாதம் வற்றுகிறது, எந்தப் பக்கம் விறகுக்கு நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போகிறது என்பதெல்லாம் தினமும் போய் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். யார் எடுக்கலாம், எவ்வளவு, எப்போது, மீறினால் என்ன, கணக்கு யார் கையில் என்பதை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நாட்டுச் சட்டம் என்ன அனுமதி கேட்கிறதோ அதையும் இப்போதே வாங்கிவிடுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் பின்னால் சொல்லும் எதுவும் நிற்காது. நேபாளத்தில் 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டுப் பராமரிப்பை உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று அங்கே 22,000க்கும் அதிகமான குழுக்கள் இருக்கின்றன, மொட்டையாகக் கிடந்த பல மலைச்சரிவுகள் மறுபடி மூடிக்கொண்டன.

எண்ணுங்கள்

இதுதான் பலர் தாண்டிப்போகும் படி. காட்டில் என்ன நிற்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்று தெரியாமல் வெட்டுவதை நான் காடு வளர்ப்பு என்று சொல்ல மாட்டேன், எத்தனை கன்று நட்டாலும் சரி.

காடு முழுவதையும் எண்ண வேண்டியதில்லை, மாதிரி வட்டங்கள் போதும். ஒரு குச்சியை நட்டு, 11.28 மீட்டர் கயிற்றைக் கட்டி ஒருவர் சுற்றி வந்தால் உள்ளே விழும் பரப்பு 400 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் 25இல் ஒரு பங்கு. உள்ளே நிற்கும் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்து இனத்தின் பெயரோடு எழுதுங்கள். எண்ணிக்கையை 25ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு வந்துவிடும். சரிவில் கயிற்றைத் தரையோடு ஒட்டிப் பிடிக்காமல் கிடைமட்டமாக இழுத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் பரப்பு குறைந்துவிடும். அப்புறம், வட்டத்தை நல்ல மரமாகப் பார்த்துப் போடக் கூடாது. வரைபடத்தில் சம இடைவெளியில் கட்டம் போட்டு, புள்ளி எங்கே விழுகிறதோ அங்கேயே அளக்க வேண்டும், அது முள்ளுக்குள் விழுந்தாலும் சரி.

அளந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். 5 ஆண்டு கழித்து அதே கோட்டில் மறுபடி நாடா பிடித்தால் வளர்ச்சி தெரியும். நாடாவை ஒரு கை மேலேயோ கீழேயோ பிடித்தால்கூட அந்த 5 ஆண்டு வளர்ச்சி தப்பாகத் தெரியும், அதற்குத்தான் கோடு. இளங்கன்றுகளையும் தனியாக எண்ணுங்கள். முழங்கால் உயரக் கன்றே இல்லாத காடு, மேலே எவ்வளவு பச்சையாகத் தெரிந்தாலும், முதியவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் மாதிரிதான்.

எவ்வளவு, எதை

அளந்த சுற்றளவுகளை மரத்தின் கன அளவாக மாற்றிப் பார்க்கும்போது ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 கனமீட்டர் வளர்கிறது என்று வந்தால் 10 ஆண்டுக்கு 40 கனமீட்டர். அதில் 25, மிஞ்சிப்போனால் 30, அதற்கு மேல் போகாதீர்கள். மீதி புயலுக்கும் தீக்கும் பூச்சிக்கும் நம் அளவில் வரும் பிழைக்கும். காட்டைப் பத்துக் கூறாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு கூறில் மட்டும் வேலை செய்தால் ஒவ்வொரு கூறுக்கும் 9 ஆண்டு ஓய்வு கிடைக்கும்.

எதை வெட்டுவது என்பதில்தான் ஆசை குறுக்கே வரும். நேராக, தடிமனாக நிற்பதையெல்லாம் முதலில் விற்றுவிட்டுக் கோணலையும் நோயையும் விட்டுவைத்தால், அடுத்த விதை அந்தக் கோணல் மரத்திலிருந்துதான் விழும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பச்சையாக இருக்கும், விலை போகிற மரம் ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் விட வேண்டியதைக் குறியுங்கள்: ஒவ்வோர் இனத்திலும் நல்ல தாய்மரங்கள், பறவை கூடு வைக்கும் பொந்து மரங்கள், பட்டுப்போய் நிற்கும் சில மரங்கள், ஓடையின் இரு பக்கமும் 30 மீட்டருக்குள் நிற்பவை அனைத்தும். பிறகு நெருக்கத்தில் திணறுவது, நோயுற்றது, முதிர்ந்தது என்று வெட்டுக்குக் குறியுங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெனோமினி பழங்குடியினர் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் எடுக்கிறார்கள். 1854இல் அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில், இத்தனை தலைமுறை மரம் எடுத்த பிறகும், அன்று நின்றதைவிட அதிக மரம் இன்று நிற்கிறது.

வெட்டும் நாள்

மழைக்காலத்தில் வேண்டாம், ஈர மண் வண்டிச் சக்கரத்தில் இறுகிப்போனால் வேர் இறங்காது. மரத்தோடு மரத்தைப் பின்னி நிற்கும் கொடிகளைச் சில மாதம் முன்னாலேயே அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றை வெட்டும்போது அது பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு விழும். இழுத்து வரும் தடத்தை வெட்டுக்கு முன்பே குறித்து, எல்லா மரத்தையும் அந்த ஒரே தடத்தில் கொண்டுவாருங்கள். செயின்சா பிடிப்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், தலைக்கவசம் வேண்டும். விழும் பக்கம் முதலில் வாய்வெட்டு, அதாவது வாய் திறந்த மாதிரி ஆப்பு வடிவ வெட்டு, பின்பக்கம் அறுக்கும்போது நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரம் அறுபடாமல் நிற்க வேண்டும், அறுபடாத அந்தப் பகுதிதான் மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இலையும் சிறு கிளையும் காட்டிலேயே கிடக்கட்டும், மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்தில் கணிசமான பங்கு அவற்றில் இருக்கிறது.

வெட்டிய இடைவெளியில் உடனே நடப் போகாதீர்கள். தாய்மரம் பக்கத்தில் இருந்தால் கன்று தானாக வரும். நீங்கள் செய்ய வேண்டியது அதைச் சுற்றிக் களை எடுப்பது, உயரப் புல்லை மிதித்துப் படுக்கவைப்பது, சில ஆண்டு மாட்டை உள்ளே விடாமல் இருப்பது, கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது. விதையே வராத இடத்தில் மட்டும் நடுங்கள், அந்தக் காட்டுக்குரிய இனங்களையே கலந்து நடுங்கள். இயற்கையாகவே புல்வெளியாக இருக்கும் நிலத்தில் மரம் நடுவது உதவி இல்லை.

காலநிலைக்கு இதனால் என்ன?

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். கனமீட்டருக்கு உலர் எடை 600 கிலோ வரும் மரம் என்றால், 300 கிலோ கரிமம், அதாவது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு சுமார் 1.1 டன். அந்த மரம் உத்தரமாகவோ கதவாகவோ நின்றால் பல பத்தாண்டுகள் அது அங்கேயே இருக்கும். அடுப்பில் போனால் அன்றே காற்றுக்குத் திரும்பிவிடும். விறகே வேண்டாம் என்று சொல்லவில்லை, விறகுக்குக் கிளையும் கோணலும் போகட்டும், நல்ல தண்டு நீண்ட காலப் பொருளாகட்டும். வெட்டிய கூறு மறுபடி வளரும்வரை அங்கே கரிமம் குறைந்துதான் இருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. மொத்தக் காட்டிலும் வளர்வது வெட்டுவதைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு நேராகும். அதற்குத்தான் அத்தனை வட்டமும் கயிறும்.

மரம் வருமானம் தரும் ஆண்டுகளுக்கு நடுவே தேன், மூங்கில், காய், காளான் கை கொடுக்கும், அவற்றுக்கும் அளவு வையுங்கள். எல்லாக் காயையும் பறித்தால் விதை எங்கிருந்து வரும்? விற்ற பணத்தில் தீக்காவலுக்கும் அடுத்த அளவெடுப்புக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைப் பிரிக்கும் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள். நல்ல விலைக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், பொறுப்போடு பராமரிக்கும் காடுகளுக்குச் சான்று தரும், 1993இல் தொடங்கிய எஃப்எஸ்சி (FSC) போன்ற அமைப்புகளில் சிறிய காட்டுக்காரர்கள் சேர்ந்து குழுவாக விண்ணப்பிக்கலாம், செலவும் பகிர்ந்துபோகும். தணிக்கைக்குக் கேட்கும் வரைபடம், அளவுக் குறிப்பு, வெட்டிய மரங்களின் பட்டியல் எல்லாம் மேலே சொன்ன வேலையிலேயே உருவாகியிருக்கும், ஒவ்வொன்றிலும் தேதி போட மறக்காதீர்கள்.