டி.என்.ஏ. சோதனைக்கு முதலில் பாட்டியைக் கேளுங்கள்

வம்சாவளி அறிய ஒரே ஒரு டி.என்.ஏ. சோதனைக்குத்தான் பணம் இருக்கிறதா? உங்கள் மாதிரியை அனுப்பாதீர்கள். பாட்டி சம்மதித்தால் அவருடையதை அனுப்புங்கள். உமிழ்நீர் சேர்ப்பது சிரமமென்றால், கன்னத்தின் உட்புறம் துடைத்தெடுக்கும் வகை முதியவர்களுக்கு எளிது.

ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோர் ஒவ்வொருவரின் மரபணுவிலும் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. பாட்டியின் மரபணுவில் உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 25 சதவீதம். சோதனை முடிவோடு, மரபணு ஒத்துப்போகும் உறவினர்களின் பட்டியலும் வரும்; உங்களுக்குத் தென்படாத தூரத்து உறவினர்கள் அவருடைய பட்டியலில் தென்படுவார்கள். அவர் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

தாத்தா வழியை இது காட்டாது. அதற்கு அவரோ அவருடைய உடன்பிறந்தவரோ வேண்டும். ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமைப் பார்க்கும் சோதனைக்கும் இந்த யோசனை பொருந்தாது: அந்தக் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் வருவதால், மகன் வழிப் பேரனே போதும். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே மணம் முடித்த குடும்பங்களில், முடிவுகள் உறவை உண்மையைவிட நெருக்கமாகக் காட்டக்கூடும்.